கேபிளை வெட்டிவிடட்டுமா, டாக்டர்?

கேள்வி: எங்கள் ஊர் மதுரைக்குப் பக்கம். மகனுக்கு 2 வயது 2 மாதம் ஆகிறது. நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன், கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பகல் முழுக்கப் பையனைப் பார்த்துக்கொள்வது மாமியார்தான். மாமனார் இறந்து மூன்று வருடமாகிறது. அத்தை காலையில் காபி போடும்போது டிவியைப் போட்டால் ராத்திரி பத்து மணி சீரியல் முடிந்துதான் அணைப்பார். பார்க்கிறாரோ இல்லையோ, அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பையன் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான் சொல்கிறான். ஆனால் விளம்பரப் பாட்டு வந்தால் எங்கிருந்தாலும் ஓடி வந்து டிவி முன்னால் நின்றுவிடுவான். டிவி இல்லாமல் ஒரு வாய் வாங்க மாட்டான். யூடியூபில் பார்த்தால் டிவியால் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' வரும் என்கிறார்கள். அத்தை, "இவன் அப்பனே லேட்டாத்தான் பேசினான்" என்கிறார். கணவர், "நாங்க எல்லாம் டிவி பார்த்து வளரலையா?" என்கிறார். இந்த மாதம் ரீசார்ஜ் செய்யாமல் கேபிளையே வெட்டிவிடலாமா என்று இருக்கிறது. செய்தால் வீட்டில் சண்டை நிச்சயம். டிவியால் நன்மையே கிடையாதா? நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

குழந்தை நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேபிள் இந்த மாதம் இருக்கட்டும். முதலில் பையனின் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

டிவியைப் பற்றிக் கேட்டால் இவர் காதைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உறுத்தியது அந்தப் பன்னிரண்டு வார்த்தைதான். இரண்டு வயது முடியும்போது ஏறக்குறைய ஐம்பது வார்த்தை வந்திருக்க வேண்டும். "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். அத்தை சொல்வதில் பொய்யில்லை. தாமதமாகத் தொடங்கி, பிறகு வாயை மூடவே மாட்டேன் என்கிற பிள்ளைகள் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை அப்படி எட்டிப் பிடிக்கும், எது பின்தங்கிப் போகும் என்று இந்த வயதில் பார்த்தவுடன் சொல்ல எனக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்பதையும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. அதை நம்பி ஒரு வருடம் காத்திருக்கக் கூடாது.

விளம்பரப் பாட்டுக்கு ஓடி வருகிற பிள்ளைக்குக் காது எப்படிக் கேட்காமல் போகும்? என் அறையில் அடிக்கடி கேட்கிற வாதம் இது. கணீரென்ற பாட்டு காதில் விழும். பேச்சில் வருகிற 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிப் போகும். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் நடக்கிறது. கூப்பிட்டால் திரும்புவார்கள், சொன்னது பாதிதான் போய்ச் சேரும். ஓ.ஏ.இ., பெரா என்று இரண்டு பரிசோதனைகள் இருக்கின்றன. வலி கிடையாது. பெராவுக்குப் பிள்ளை தூங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இதற்காகப் பெரிய தனியார் மருத்துவமனையைத் தேடி அலைய வேண்டாம். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்காக 2013இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் ஒன்று இருக்கிறது. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் அரசு மருத்துவமனையில் வழி காட்டுவார்கள். காது, கண், பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள்.

அடுத்தது அந்த 'விர்ச்சுவல் ஆட்டிசம்'. மருத்துவத்தில் அப்படி ஒரு நோய்ப் பெயர் கிடையாது. ஆட்டிசம் டிவியிலிருந்து வருவதில்லை. மூளை உருவாகும் காலத்திலேயே தொடங்கிவிடுகிற விஷயம் அது. யாரும் பேச்சுக் கொடுக்காமல் திரை முன்னாலேயே வளர்ந்த பிள்ளை சில சமயம் அந்த மாதிரித் தோற்றம் தரலாம் என்பது வேறு. ஆட்டிசம் இருக்கிற பிள்ளை திரையின் பக்கம் கூடுதலாக இழுபடுவதும் உண்டு. அப்போது பார்ப்பவர்கள் காரணத்தைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். எனவே "மூன்று மாசம் டிவியை நிறுத்திப் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் போவோம்" என்று தள்ளிப் போடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வானத்தில் விமானம் போனால் விரலால் சுட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? தண்ணீர் வேண்டும் என்றால் கேட்கிறானா, சுட்டுகிறானா, அல்லது உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குடத்தின் மேல் வைக்கிறானா? முன்பு சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை எதையாவது விட்டுவிட்டானா? இந்த நான்குக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இனி டிவிக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது ஒரு டிவி. அதைப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் அது ஒரே பொருள் இல்லை. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். டிவி நல்லதா கெட்டதா என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பட்டிமன்றம் மாதிரி இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே போகலாம். அது ஓடுகிற ஒரு மணி நேரம் அந்த வீட்டில் எதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்கிறது என்று பார்க்க வேண்டும்.

பையன் விஷயத்தில் அது தள்ளிவிடுவது பேச்சை. எழுதும்போது போகிற போக்கில் "பார்க்கிறாரோ இல்லையோ, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். பல பெற்றோர் பிள்ளை டிவியை எத்தனை நிமிடம் பார்த்தது என்று கணக்கு வைத்திருப்பார்கள். யாரும் பார்க்காமல் கூடத்தில் கத்திக்கொண்டிருக்கும் டிவியை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஒரு ஆய்வில், இரண்டு மாதக் கைக்குழந்தை முதல் நான்கு வயது வரையிலான 329 பிள்ளைகளின் சட்டையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, நாள் முழுக்க அவர்கள் காதில் விழுந்ததைப் பதிவு செய்தார்கள். டிவி சத்தம் கேட்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பிள்ளை காதில் விழும் பெரியவர்களின் சொற்கள் சராசரியாக 770 குறைந்திருந்தன. வீட்டில் ஆள் இருந்தார்கள், அவர்கள் வாய்தான் மூடியிருந்தது. உங்கள் வீட்டில் காலை ஏழு முதல் இரவு பத்து வரை எத்தனை மணி நேரம் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

"அதுதான் டிவியில் நாள் முழுக்கத் தமிழ் பேசுகிறார்களே, அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளாதா?" நியாயமான சந்தேகம். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2003இல் சியாட்டில் நகரில், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி காட்டினார்கள். ஒரு கூட்டத்துக்கு எதிரே சீன மொழி பேசுகிறவர்கள் உட்கார்ந்து, பொம்மை காட்டி, கதை படித்துப் பேசினார்கள். இப்படிப் பன்னிரண்டு முறை நடந்தது. இன்னொரு கூட்டத்துக்கு அதே பேச்சு, அதே பொம்மை, திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையில் கண்டவை ஒன்றும் கற்கவில்லை. திரையில் இருக்கிறவருக்குப் பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று தெரியாது. அத்தை மடியில் உட்கார்ந்து பையன் சுவரைப் பார்க்கிறான் என்று வையுங்கள். அத்தையும் அங்கே திரும்பி, "பல்லி! பல்லி பார்த்தியா? ஓடிருச்சு!" என்கிறார். அவன் மனம் எதில் நிற்கிறதோ அந்த நொடியில், அந்தப் பொருளின் பெயர் காதில் விழுகிறது. சொல் ஒட்டிக்கொள்வது அப்போதுதான். டிவிக்குள் இருக்கும் மாமியாரும் மருமகளும் என்னதான் நல்ல தமிழில் பேசினாலும், உங்கள் வீட்டுச் சுவரில் போகிற பல்லியை அவர்களால் பார்க்க முடியாது.

என்னிடம் வந்த ஒரு சிறுவன் மூன்று சோப்பு விளம்பரங்களை ராகம் தப்பாமல் பாடுவான். ஒன்று முதல் இருபது வரை சொல்வான். பெற்றோருக்குப் பெருமை தாங்கவில்லை. தாகம் எடுத்தபோது ஒரு சொல் வராமல் தரையில் புரண்டு அழுதான். பாடுவது ஒன்று, வேண்டியதைக் கேட்பது இன்னொன்று. உங்கள் பையனின் வார்த்தைகளை எண்ணும்போது விளம்பரத்தில் கேட்டதைத் தனியாக வையுங்கள்.

பேச்சு மட்டும் குறைவதில்லை, விளையாட்டும் குறைகிறது. மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒன்று முதல் மூன்று வயது வரையிலான 50 பிள்ளைகளைப் பொம்மைகளோடு ஒரு மணி நேரம் விட்டு, பாதி நேரம் பக்கத்தில் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்தது அவ்வப்போது சில நொடிகள். இருந்தும், டிவி ஓடியபோது ஒவ்வொரு விளையாட்டையும் சீக்கிரமே பாதியில் விட்டார்கள். "அவன் எங்க டாக்டர் டிவி பார்க்கிறான், பொம்மை வச்சுத்தான் விளையாடுறான்" என்று சொல்லும் வீடுகளை நினைத்துக்கொள்கிறேன்.

இந்த அளவுக்கு டிவியைத் திட்டிவிட்டேன். இப்போது அத்தை பக்கம் வருகிறேன். அவருக்காக வாதாட இந்தக் கடிதத்தில் வேறு யாரும் இல்லை.

மூன்று வருடம் முன்பு வரை அந்த வீட்டில் பகலில் இரண்டு குரல் இருந்தது. இப்போது ஒன்று. நீங்கள் இருவரும் எட்டரை மணிக்குக் கிளம்பிய பிறகு அந்தக் கூடத்தில் என்ன சத்தம் இருக்கும் என்று ஒரு நாள் லீவு போட்டு உட்கார்ந்து பாருங்கள். பார்க்காவிட்டாலும் ஓட வேண்டும் என்று அவர் நினைப்பது அதனால்தான் என்று நான் ஊகிக்கிறேன். அவருக்கு டிவி தள்ளிவிடுவது அமைதியை. நாலு சீரியல் பார்த்தால்தான் பக்கத்து வீட்டு அம்மாவோடு பேச அவருக்கும் நாலு விஷயம் இருக்கும். சித்திரையில் திருக்கல்யாணக் கூட்டத்தில் நிற்க வயதும் முழங்காலும் இடம் தராது. மீனாட்சிக்குத் தாலி ஏறுவதையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் வீட்டிலிருந்தபடி கன்னத்தில் போட்டுக்கொள்ள அந்தப் பெட்டிதான் வழி. அதை வெட்டிவிட்டால் அவரிடமிருந்து எதை எடுக்கிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சீரியல் என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு தகவல் சொல்வேன். 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட நம் நாட்டின் சில மாநிலக் கிராமங்களில், கேபிள் டிவி புதிதாக வந்ததால் என்ன மாறியது என்று ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். கேபிள் வந்த ஊர்களில், கணவன் மனைவியை அடிப்பது சரிதான் என்று ஒத்துக்கொள்ளும் பெண்கள் குறைந்திருந்தார்கள். பையன்தான் பிறக்க வேண்டும் என்ற ஆசையும் குறைந்திருந்தது. வீட்டு விஷயங்களில் பெண்கள் சொல்லுக்கு மதிப்பு கூடியிருந்தது. நகரத்துப் பெண்கள் வேலைக்குப் போவதையும் எதிர்த்துப் பேசுவதையும் தினம் பார்த்ததால் என்று அவர்கள் கருதினார்கள். மருமகளுக்கு விஷம் வைக்கிற கதைகளுக்கு நடுவிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது! எனக்கே முதலில் நம்ப முடியவில்லை.

அத்தைக்குக் கெடுதல் என்றால் அது உட்கார்ந்தே இருப்பதில்தான். ஆஸ்திரேலியாவில் 8,800 பேரை ஆறு வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், தினசரி டிவி நேரம் ஒவ்வொரு மணி கூடும்போதும் மரண ஆபத்து 11 சதவீதம் கூடியது. இங்கிலாந்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில், நாளுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் டிவி பார்த்தவர்களுக்குச் சொற்களை நினைவில் வைக்கும் திறன் அடுத்த ஆறு வருடத்தில் கூடுதலாகக் குறைந்தது. டிவிதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள்தான் அதிகம் உட்கார்ந்து பார்க்கிறார்களோ என்னவோ. ஆனாலும் விளம்பர இடைவேளைக்கு ஒரு முறை எழுந்து வாசல் வரை நடந்து வரச் சொல்வதில் நஷ்டமில்லை. மூட்டு வலி இருந்தால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேரே நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்கட்டும், பிறகு மற்ற கால். சீரியல் ஓடும்போதே செய்யலாம். முழங்காலைத் தாங்குகிற தொடைத் தசைக்கு நல்லது.

உங்கள் கணவருக்கும் ஒரு பதில் வேண்டும் அல்லவா? நானும் டிவி பார்த்து வளர்ந்தவள்தான். எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். சென்னையில் தூர்தர்ஷன் 1975லேயே வந்துவிட்டாலும் அந்த அலை எங்களுக்கு எட்டாது. 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினிதான் எங்களுக்கு முதல் டிவி. மொட்டை மாடியில் அண்ணன் ஆண்டெனாவைத் திருப்ப, "தெரியுதா?" என்று மேலிருந்து கத்த, "புள்ளி புள்ளியா இருக்கு!" என்று கீழிருந்து நாங்கள் கத்த, பாதி நேரம் அதிலேயே போகும். தெருவுக்கே ஒரு டிவி. இருபது பேர் உட்கார்ந்து பார்ப்போம், பார்த்ததை மறுநாள் முழுக்கப் பேசுவோம். நிகழ்ச்சி சாயங்காலம் தொடங்கும், ராத்திரி முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் மனிதர்கள்தான். உங்கள் கணவர் காலத்தில் கேபிள் வந்துவிட்டது, உண்மை. ஆனால் அவர் இரண்டு வயதில் இருந்தபோது அந்த வீட்டில் பகலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். தாத்தா, சித்தப்பா, அத்தைமார், தெருப் பிள்ளைகள் என்று பட்டியல் நீளும். இன்று உங்கள் மகனுக்குப் பகலில் இருப்பது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளின் பேச்சையும் டிவி எடுத்துக்கொண்டால் மிச்சம் ஒன்றுமில்லை. இதை அவரிடம் சண்டையாக அல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள். லேத் வேலை பார்க்கிறவருக்குக் கணக்கு புரியும்.

சரி, என்ன செய்வது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. இதை நாளையே அமல்படுத்தினால் வீடு போர்க்களமாகும். காலையில் தொடங்குங்கள். பையன் கண் விழிப்பது முதல் மதியத் தூக்கம் வரை டிவி அணைந்திருக்கட்டும். முதல் இரண்டு வாரத்துக்கு இந்த ஒன்று போதும். காலையில் சுப்ரபாதம் வேண்டும் என்றால் வைக்கட்டும், அது முடிந்துவிடுகிற விஷயம். மதியம் அவன் தூங்கும்போது அத்தை நிம்மதியாகப் பார்க்கட்டும். முதல் நாள் சீரியலை மறுநாள் பகலில் மறு ஒளிபரப்பு செய்கிறார்கள், சேனலின் செயலியிலும் கிடைக்கும்.

அந்தக் காலை நேரத்தின் வெறுமையை நிரப்ப ஏதாவது வேண்டுமே. பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால் விசாரியுங்கள். இரண்டு வயது முடிந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு மணி நேரம் மற்ற பிள்ளைகளோடு இருந்துவிட்டு வந்தால் அவனுக்கும் நல்லது, அத்தைக்கும் கொஞ்சம் ஓய்வு. அங்கன்வாடியை மட்டமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கார்ட்டூன் போட்டு உட்கார வைக்கும் ஏசி பிளே ஸ்கூலைவிட, நாலு பிள்ளைகள் அடித்துக்கொண்டு விளையாடும் அங்கன்வாடிக்கே என் ஓட்டு.

மாலைதான் கஷ்டமான நேரம். அத்தைக்கு விட்டுவிடவே முடியாத சீரியல் இரண்டு எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் அவருடையது. அப்போது பையன் கூடத்தில் இருக்கக் கூடாது. உங்கள் கணவர் பட்டறையிலிருந்து வந்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கோ தெருமுனைக்கோ போகட்டும். மாடு, ஆட்டோ, இஸ்திரி வண்டி, நிலா என்று பார்த்ததையெல்லாம் சொல்லட்டும். நீங்கள் அந்த நேரத்தில் சமையலை முடிக்கலாம். "நாங்க டிவி பார்த்து வளரலையா" என்று கேட்டவருக்கு இது பொருத்தமான வேலை. தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வீட்டில் திரை எதுவும் வேண்டாம்.

சாப்பாட்டை இரண்டு வாரம் கழித்துத் தொடுங்கள். டிவி முன்னால் ஊட்டும்போது பிள்ளை வாயைத் திறக்கிறதே தவிர, பசியும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. அணைத்துவிட்டு ஊட்டினால் முதல் மூன்று நாலு நாள் தட்டைத் தட்டிவிடுவான். நல்ல எடையும் சுறுசுறுப்பும் இருக்கிற பிள்ளை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அவன் தட்டில் கொஞ்சம் பருப்புச் சோறு வைத்து, நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார வைத்து, அவன் கையாலேயே பிசைந்து இறைத்துச் சாப்பிட விடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தட்டோடு பின்னால் ஓட வேண்டாம். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், டிவிக்குப் பதிலாகக் கையில் போனைக் கொடுத்துவிடாதீர்கள். டிவியை நாலு பேர் சேர்ந்து பார்க்கலாம், பார்த்ததைப் பேசலாம். போன் பிள்ளையைத் தனியாக ஒரு மூலைக்கு இழுத்துப் போய்விடும்.

அவனும் டிவி பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். நாளுக்கு அரை மணி நேரம். மெதுவாக நகரும் நிகழ்ச்சியாக, யாராவது ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு. யானை வந்தால் "யானை எப்படிக் கத்தும்?" என்று கேட்டு, அவன் பதிலுக்கு ஐந்து நொடி காத்திருங்கள். விளம்பரம் வந்ததும் சத்தத்தை அணையுங்கள்.

இரண்டு சின்ன விஷயம். டிவி பார்த்தால் கண் கெடும் என்ற பயம் வேண்டாம். எட்டடி தள்ளியிருக்கும் திரை புத்தகத்தைவிடத் தூரம்தான். தள்ளி உட்கார வைத்தாலும் திரும்பத் திரும்ப ஒட்டிப் போய் நின்றால், தூரப் பார்வை மங்கலாக இருக்கலாம் என்று கண்ணைச் சோதியுங்கள். இன்னொன்று, ஓடி வந்து டிவி முன்னால் நிற்கிறான் என்கிறீர்கள். அது மேசை மேல் சும்மா நிற்கிறதா, சுவரில் இறுக்கியிருக்கிறதா? பிடித்து ஏறி மேலே கவிழ்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமையே சுவரில் பொருத்தச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று தெரிகிறது. "உங்களால்தான் பேசவில்லை" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்தோ கணவர் வாயிலிருந்தோ வரவே கூடாது. வந்துவிட்டால் நான் மேலே எழுதிய எதுவும் நடக்காது. அறுபது வயதைத் தாண்டி, ஓயாமல் ஓடுகிற ஒரு பிள்ளையைச் சம்பளமில்லாமல் பத்து மணி நேரம் பார்த்துக்கொள்கிறார். "டாக்டர் மாத்திரை எழுதவில்லை, அப்பத்தா பேச்சைத்தான் எழுதியிருக்கிறார், காலையில் மூன்று மணி நேரம்" என்று என் தலையில் போட்டுச் சொல்லுங்கள். பேச அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். வெங்காயம் உரிக்கும்போது வெங்காயத்தைப் பற்றி, துணி மடிக்கும்போது யார் சட்டை என்று, கோலம் போடும்போது புள்ளியை எண்ணி, அவர் சின்ன வயதில் கேட்ட நரிக்கதை, காக்காய்க்கதை. தாத்தா படத்துக்குப் பூ வைக்கும்போது தாத்தாவைப் பற்றியும் சொல்லட்டும்.

பரிசோதனைக்குப் போகும் முன் அவன் விளையாடுவதை ஐந்து நிமிடம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பிள்ளைகள் வாயே திறக்காது, அந்தப் படம் உதவும். நீங்கள் இருவர் மட்டும் போக வேண்டாம், அத்தையும் வரட்டும். அவன் பகலில் எப்படி இருக்கிறான் என்று டாக்டர் கேட்கிற பாதிக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் அவர்தான். சீரியலுக்குள் வீடு திரும்புகிற மாதிரிக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.